நோட்டில் 14, சர்வரில் 11

2023 ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் களப்பணியாளர்களில் மூத்தவரான அக்கா ஒருவர் போனில் கூப்பிட்டார். "தம்பி, என் நோட்டுல பதினாலு இருக்கு. நீங்க அனுப்பின லிஸ்ட்ல பதினொண்ணுதான் வருது. மூணு எங்க போச்சு?"

நாங்கள் கேட்ட முதல் கேள்வி: "சேமி பட்டனை அழுத்தினீங்களா அக்கா?" இரண்டாவது கேள்வி: "டவர் இருந்துச்சா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அழுத்துனேன் தம்பி. பச்சை டிக் வந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் போனைப் பையில போட்டேன்" என்றார். சரிக்கா, பார்க்கிறோம் என்று வைத்துவிட்டோம். அவருக்குச் செயலி சரியாகப் பழகவில்லை, இன்னொரு பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எங்கள் குழுவின் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தோம். அந்த வரி இன்னும் அழிக்கப்படாமல் அங்கேயே இருக்கிறது.

பச்சை டிக் வந்தது உண்மை. மூன்று பதிவுகள் காணாமல் போனதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக முடியும் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது நாட்கள் ஆயின. இது அந்த ஒன்பது நாட்களின் கதை. அதற்குமுன் ஐந்து மாதம் நாங்கள் செய்துகொண்டிருந்த ஒரு மென்பொருள் மாற்றத்தின் கதையும்கூட. கணினி படித்துக்கொண்டே எங்களோடு கிராமங்களுக்கு வரும் தம்பி தங்கைகள் பலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறீர்கள். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம். சட்டம் படிப்பவர்களும் கூடவே வரலாம். நாங்களே சமூகவியல் படித்துவிட்டு இதற்குள் விழுந்தவர்கள்தான்.

முதலில் செயலியைப் பற்றி. வன்கொடுமை நடந்த இடத்துக்குப் போகும் களப்பணியாளர் பாதிக்கப்பட்டவரோடு உட்கார்ந்து பேசி, நடந்த நாள், முதல் தகவல் அறிக்கை பதிவான நாள், எந்தப் பிரிவுகள், காயச் சான்று வாங்கியாயிற்றா, நிவாரணத்தில் எந்தத் தவணை வந்தது, எது வரவில்லை என்றெல்லாம் பதிவு செய்வார். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி 60 நாட்களுக்குள் விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். அந்த 60 நாளை எண்ணிக்கொண்டிருக்க ஆள் வேண்டும். எங்கள் செயலி அதைத்தான் எண்ணியது. சிக்னல் இல்லாத ஊர்களே அதிகம் என்பதால், பதிவு முதலில் போனிலேயே ஒரு வரிசையில் காத்திருக்கும். டவர் கிடைக்கும்போது பின்னணியில் ஓடும் ஒரு சிறு வேலை, வரிசையில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சர்வருக்கு அனுப்பி, அனுப்பியதை வரிசையிலிருந்து எடுத்துவிடும்.

இதை 2018இல் எழுதிக் கொடுத்தவர் ஒரு தன்னார்வப் பொறியாளர் அண்ணன். பகலெல்லாம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு எங்களுக்காக உட்காருவார். செயலியை ஏழு மாட்யூல்களாகப் பிரித்துக் கட்டியிருந்தார்: கள வருகை, குரல் பதிவு, நிவாரணக் கணக்கு, கல்வி உதவித்தொகை, இன்னும் மூன்று. ஒன்றைத் தொட்டால் மற்றது உடையக்கூடாது என்பது அவர் கொள்கை. அந்த ஏழையும் இணைத்துவைத்தது டேகர் 2 என்ற டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் கருவி. பெயரைக் கேட்டு கத்தி என்று நினைக்க வேண்டாம். எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதைச் சுற்றி வராத கோடுகளால் வரையும் ஒரு கணித வரைபடத்தின் சுருக்கெழுத்திலிருந்து வந்த பெயர் அது. ஆனால் அடுத்து வந்த கருவிக்கு ஹில்ட், அதாவது கத்தியின் பிடி, என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்களுக்கும் கத்திதான் நினைவில் இருந்திருக்கிறது போல.

டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்றால் என்ன? பாடப்புத்தகத்தில் சார்பு உட்செலுத்தல் என்று போட்டால் ஊசி போடுகிற மாதிரி இருக்கிறது. நாங்கள் புரிந்துகொண்டது இப்படி. பொதுக்கூட்டத்தில் பேச வருகிறவர் மைக்செட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வருவதில்லை. 'எனக்கு ஒரு மைக் வேண்டும்' என்பது மட்டும் தெரிந்தால் அவருக்குப் போதும். எந்த மைக்செட்காரர், எந்த ஜெனரேட்டர், வாடகை எவ்வளவு என்பதெல்லாம் ஏற்பாட்டுக் குழுவின் பொறுப்பு. மென்பொருளிலும் அப்படித்தான். பதிவுத்திரைக்குக் காத்திருப்பு வரிசை ஒன்று தேவை. அதைத் திரை தானே உருவாக்கிக்கொள்ளக் கூடாது, வெளியிலிருந்து அதன் கையில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் சோதனையின்போது உண்மையான சர்வருக்குப் பதில் ஒரு பொம்மைச் சர்வரைக் கொடுக்க முடியும். மாட்யூல்களும் ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று புகாமல் தனித்தனியாக நிற்கும். டேகர், ஹில்ட் போன்றவை அந்த ஏற்பாட்டுக் குழுக்கள்.

சார்பு, சார்பின்மை என்ற சொற்களைக் கேட்டதும் எங்களுக்குள் இருக்கும் சமூகவியல் மாணவர் எழுந்து நிற்பார். அவரை உட்காரச் சொல்லிவிட்டோம். இங்கே சார்பு என்பது மைக்செட் மட்டும்தான்.

இந்தப் பெயரைப் பரவலாக்கியது 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய ஒரு கட்டுரை. ஜாவா உலகில் ஸ்பிரிங் அதே ஆண்டு தன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. 2007இல் கூகுளிலிருந்து கைஸ் வந்தது. இரண்டு முகாம்களும் தனித்தனிச் சொற்களில் பேசிக்கொண்டிருந்தவை, 2009இல் ஜேஎஸ்ஆர் 330 என்ற பொதுத் தரத்துக்கு வந்து சேர்ந்தன. 'இது எனக்கு வேண்டும்' என்பதைச் சொல்லும் இன்ஜெக்ட் என்ற குறிப்பும், 'இது ஒன்றுதான் இருக்க வேண்டும்' என்பதைச் சொல்லும் சிங்கிள்டன் என்ற குறிப்பும் அதிலிருந்து பொதுச்சொத்தாயின. 2012இல் ஸ்கொயர் நிறுவனம் டேகரை வெளியிட்டது, 2015இல் கூகுள் டேகர் 2ஐ. 2020இல் அதன் மேலேயே கட்டப்பட்ட ஹில்ட்டின் முன்னோட்டம் வந்து, 2021இல் நிலைபெற்றது.

இந்த வரலாறு தேர்வுக்கு அல்ல. ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எது மாற வேண்டியதில்லை என்பதை இதுதான் சொல்கிறது. தனக்குத் தேவையானதைக் கட்டமைப்பானிலேயே, அதாவது கன்ஸ்ட்ரக்டரிலேயே, கேட்டு வாங்கும் வகுப்புகளுக்கு ஏற்பாட்டுக் குழு யார் என்பது தெரியாது. குழு மாறினாலும் அவற்றில் ஒரு வரிகூட மாறாது. எங்கள் செயலியில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. பொறியாளர் அண்ணனின் ஒழுங்கு அது. குழுவின் வீட்டுக்கே போய் 'அந்த மைக்கை எடுத்துக் கொடு' என்று கேட்கும் வகுப்புகள்தான் மாற்றத்தின்போது அடிவாங்கும். அப்படி எங்களிடம் இருந்தவை மிகச் சில. அதில் ஒன்று, பின்னணியில் ஓடிப் பதிவுகளை அனுப்பும் அந்தச் சிறு வேலை.

மாற்ற வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். பொறியாளர் அண்ணன் 2021இல் வெளிநாடு போய்விட்டார். குழந்தை, வேலை, நேர வித்தியாசம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏழு மாட்யூல்களும் எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்ற படம் அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. டேகர் 2இல் ஒவ்வொரு மாட்யூலுக்கும் காம்போனென்ட், அதற்குள் துணைக் காம்போனென்ட், ஒவ்வொரு திரைக்கும் அதைக் கையால் இணைக்கும் வரி என்று எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். ஒரு புதுத் திரை சேர்க்க நான்கைந்து கோப்புகளைத் தொட வேண்டியிருந்தது. புதிதாக வந்த மாணவர்கள் கோட்லின் தெரிந்தவர்கள், ஆண்ட்ராய்டின் அதிகாரப்பூர்வப் பாடங்களில் ஹில்ட் படித்தவர்கள். எங்கள் பழைய காம்போனென்ட்களைப் பார்த்ததும் அடுத்த வாரம் வருவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் உள்ளே வரமுடியாத வீட்டை யார் பராமரிப்பது?

கோயின் என்று இன்னொரு கருவியும் பேச்சில் இருந்தது. படிக்க எளிது; எங்கள் மாணவர்களில் இருவர் அதற்காகவே வாதாடினார்கள். நாங்கள் வேண்டாம் என்றதற்கு ஒரே காரணம்தான். அதில் ஏதாவது ஒன்றைக் கொடுக்க மறந்துவிட்டால், அதற்கென்று தனியாகச் சோதனை எழுதியிருந்தாலொழிய, செயலி ஓடும்போதுதான் தெரியும். அந்தத் திரையை முதன்முதலில் திறப்பது திண்டிவனத்துக்கு மேற்கே ஏதோ ஒரு காலனியில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் அக்காவாக இருப்பார். டேகரும் ஹில்ட்டும் அப்படியல்ல. எது குறைந்தாலும் கம்பைலரே நிறுத்திவிடும், பில்ட் ஆகாது. பில்ட் ஆகிவிட்டால் யாருக்கும் எதுவும் குறையவில்லை என்று பொருள். நாங்கள் நிம்மதியாக ஹில்ட்டைத் தேர்ந்தெடுத்தோம். அந்த நிம்மதிதான் எங்களைப் பிடித்துக் கொடுத்தது.

2023 பிப்ரவரியில் தொடங்கினோம். ஹில்ட்டில் காம்போனென்ட்களை நாம் எழுத வேண்டியதில்லை. செயலி முழுமைக்கும் ஒன்று, திரைக்கு ஒன்று, வியூமாடலுக்கு ஒன்று என்று அதுவே வைத்திருக்கிறது. நம் மாட்யூல்களில் 'இது எந்தக் காம்போனென்ட்டில் உட்கார வேண்டும்' என்று இன்ஸ்டால்-இன் குறிப்பு போட்டால் போதும். கையால் எழுதிய வரிகள் நூற்றுக்கணக்கில் போயின. முதல் மாட்யூல் முடிந்த அன்று டீயோடு பஜ்ஜியும் வாங்கினோம்.

ஏழையும் ஒரே மூச்சில் மாற்ற எங்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. வழக்கு வேலைகள் நடுவில் நிற்காது. ஆகவே மாதத்துக்கு ஒன்று, முடிந்ததும் களத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். பாதி புதிது, பாதி பழையது. இது தவறான முடிவு அல்ல என்றே இப்போதும் நினைக்கிறோம். பெரிய செயலிகளும் இப்படித்தான் மாறுகின்றன. ஹில்ட்டின் ஆவணங்களே படிப்படியாக மாறுவதற்கு வழி சொல்கின்றன. இன்னும் மாற்றாத மாட்யூல்களைக் கண்டு கருவி கூச்சல் போடாமல் இருக்கத் தனிக் குறிப்புகூட உண்டு.

பின்னணி வேலையைக் கடைசிக்குத் தள்ளினோம். அதற்கு ஹில்ட்டில் தனி நூலகம், தனி ஃபேக்டரி, மேனிஃபெஸ்ட்டில் ஒரு மாற்றம் எல்லாம் வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். ஆனால் செயலியின் வேரை ஹில்ட்டுக்குக் கொடுத்தவுடன் பழைய காம்போனென்ட்டை உருவாக்கிய இடம் போய்விட்டது. பின்னணி வேலை அந்தரத்தில் நின்றது. அது ஓட வேண்டுமே என்று ஒரு சின்னக் கோப்பில் பழைய காம்போனென்ட்டைத் தனியாக உருவாக்கி வைத்தோம். மொத்தம் ஒன்பது வரி. கமிட் செய்தியில் 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தோம். தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட தகரக் கொட்டகையில் பத்து வருடம் அங்கன்வாடி நடப்பதை எதிர்த்து மனு எழுதிக் கொடுப்பவர்கள் நாங்கள்.

அந்த ஒன்பது வரியை எழுதியவர் யார் என்று கிட்டில் இருக்கிறது. இங்கே நாங்கள் என்றே சொல்கிறோம். அதைப் பார்த்துச் சரி என்றவர்கள் மற்ற மூவரும்தான்.

பில்ட் ஆனது. சோதனைகள் எல்லாம் பச்சை.

அக்காவின் போனுக்குப் பிறகு நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. சர்வர் பதிவுகளைத் தேடினோம். வந்ததற்கான தடயமே இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து நாங்களே இருபது பதிவுகள் போட்டோம். இருபதும் போய்ச் சேர்ந்தன. ஆக, அக்காதான் என்றோம். நான்காம் நாள் வேறு மாவட்டத்திலிருந்து ஒரு தம்பி, தனக்கும் இரண்டு குறைகிறது என்றார். அவர் பொறியியல் பட்டதாரி. அவரிடம் பட்டனை அழுத்தினாயா என்று யாரும் கேட்கவில்லை. அன்று மாலைதான் அது எங்களுக்கே உறைத்தது.

யாரோ ஒருவர் காவல் நிலையத்தில் நின்று நடந்ததைச் சொல்லும்போது, 'நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, அப்படித்தான் நடந்துச்சா' என்று எழுத்தர் கேட்பார். அந்தத் தொனி எப்படி இருக்கும் என்று பயிற்சி முகாம்களில் நடித்துக் காட்டுகிறவர்கள் நாங்கள். அக்காவிடம் நாங்கள் கேட்டதும் அதே தொனிதான். அவர் பத்தாம் வகுப்பு. கையில் தேதி, எண், ஊர்ப்பெயர் எழுதிய நோட்டு வைத்திருந்தார். எங்களிடம் இருந்தது ஒரு பச்சை டிக்.

கண்டுபிடித்தது பிசிஏ மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருவர். குழுவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கூட்டத்தில் எல்லாரும் சர்வரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "அண்ணா, அந்த வரிசை ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சிங்கிள்டன் என்று குறிப்பு போட்டிருக்கிறதே என்றோம். "குறிப்பு இருக்கு. ஆனா எத்தனை பொறந்துச்சுன்னு எண்ணிப் பாத்தோமா?" என்றார். வரிசை வகுப்பு உருவாகும் இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார்: உருவானதும் தன் அடையாள எண்ணை லாகில் எழுதச் சொல்லும் வரி. செயலியைத் திறந்தோம். ஒரு எண் வந்தது. பின்னணி வேலை ஓடும்வரை காத்திருந்தோம். இன்னொரு எண் வந்தது.

டேகரிலும் ஹில்ட்டிலும் சிங்கிள்டன் என்றால் உலகத்துக்கே ஒன்று என்று பொருள் இல்லை. ஒரு காம்போனென்ட்டுக்கு ஒன்று என்றுதான் பொருள். எங்களிடம் இரண்டு காம்போனென்ட்கள் உயிரோடு இருந்தன: ஹில்ட் தானாக உருவாக்கியது ஒன்று, அந்த ஒன்பது வரிக் கொட்டகையில் இருந்தது ஒன்று. இரண்டும் தனித்தனியே முழுமையானவை. யாருக்கும் எதுவும் குறையவில்லை. ஆகவே கம்பைலருக்குப் புகார் இல்லை. அது சொன்னது பொய்யும் அல்ல. நாங்கள் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வரிசைகள் இருந்தால் பதிவு ஏன் அழிய வேண்டும்? இரவுப் பாடசாலைக் கட்டிட நிதிக்கு இரண்டு பொருளாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரிடமும் ஆளுக்கொரு நோட்டு. சுவரில் ஒரு கரும்பலகை. யாருக்கு எது மாறினாலும் பலகையை முழுதாக அழித்துவிட்டு, தன் நோட்டில் இருப்பதை எழுத வேண்டும் என்பது விதி. பொருளாளர் ஒருவராக இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. எங்கள் வரிசை வகுப்பு 2018இலிருந்து அப்படித்தான் வேலை செய்தது: உருவாகும்போது போனில் உள்ள கோப்பைப் படித்துப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளும், மாற்றம் வந்தால் கோப்பு முழுவதையும் திரும்ப எழுதும்.

அக்காவின் போனில் நடந்தது இது. காலையில் ஒரு பதிவு போட்டார். பின்னணி வேலை அதை எடுத்து அனுப்பப் பார்த்தது, டவர் இல்லை, தன் நோட்டில் அந்த ஒன்றோடு காத்திருந்தது. மத்தியானம் இரண்டாவது பதிவு போட்டார். திரையின் நோட்டில் இரண்டு, கோப்பிலும் இரண்டு, பச்சை டிக். பிறகு பேருந்தில் வரும்போது டவர் கிடைத்தது. பின்னணி வேலை முதல் பதிவை அனுப்பியது, தன் நோட்டிலிருந்து அடித்தது, நோட்டு காலி. காலி நோட்டைக் கோப்பில் எழுதியது. இரண்டாவது பதிவு போயிற்று.

ஒரு திருப்பம் இருக்கிறது, அதனால்தான் அலுவலகத்தில் பிடிபடவில்லை. செயலி திறந்தே இருந்து, அவர் மூன்றாவதாக ஒன்று போட்டிருந்தால், திரையின் நோட்டு மூன்றையும் கோப்பில் திரும்ப எழுதியிருக்கும், இரண்டாவது பிழைத்திருக்கும். நாங்கள் வரிசையாக இருபது போட்டோம், அதனால் இருபதும் பிழைத்தன. அக்கா ஒன்று போட்டுவிட்டுப் போனைப் பையில் போடுகிறவர். இரண்டு ஜிபி ராம் உள்ள போன், சிறிது நேரத்தில் செயலியை மூடிவிடும். ஆக ஒவ்வொரு நாளும் கடைசியாகப் பார்த்த வீடுதான் காணாமல் போயிருக்கிறது. பெரும்பாலும் ஊரின் கடைசி வீடு.

சோதனைகள் ஏன் பச்சையாக இருந்தன என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு சோதனையும் ஒரு காம்போனென்ட்டை மட்டும் கட்டி, அதற்குள்ளேயே பார்த்தது. இரண்டும் சேர்ந்து ஓடுவது களத்தில் மட்டும்தான் நடந்தது.

சரிசெய்தது அதிக வேலை இல்லை. ஹில்ட்டில் என்ட்ரி பாயிண்ட் என்று ஒரு வாசல் உண்டு. ஹில்ட் அறியாத பழைய வகுப்புகள் அந்த வாசல் வழியாக ஹில்ட்டின் காம்போனென்ட்டில் இருப்பதையே கேட்டு வாங்கலாம். ஒன்பது வரிக் கொட்டகையை இடித்துவிட்டு, பின்னணி வேலை அந்த வாசலில் போய்க் கேட்கும்படி செய்தோம். அன்றிரவே லாகில் ஒரே எண் வந்தது. பிப்ரவரியிலேயே இதைச் செய்திருக்கலாம். ஆவணத்தில் அந்தப் பக்கத்தை நாங்கள் படித்தும் இருந்தோம். பாதி வீடு பழையதாக இருக்கலாம், ஆனால் பழைய பாதியும் புதிய வேரிலிருந்தே தண்ணீர் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்களுக்கு அது கூடுதல் வேலையாகப் பட்டது.

அதோடு விடவில்லை. வரிசையையே ரூம் தரவுத்தளத்தின் ஒரு அட்டவணைக்கு மாற்றினோம். பதிவு ஒவ்வொன்றும் தனி வரி, தனி அடையாளம். அனுப்பியதும் அந்த ஒரு வரி மட்டும் போகும். பலகையை முழுதாக அழிக்கும் உரிமை இனி யாருக்கும் இல்லை. சிங்கிள்டனைச் சரியாக்கியதைவிட இதுதான் பெரிய திருத்தம் என்பது எங்கள் கருத்து. ஏற்பாட்டுக் குழு எது மாறினாலும், நாளை யாரோ மறுபடி ஒரு கொட்டகை போட்டாலும், பதிவு அழியாது. ஒன்றுதான் இருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் மக்களின் வாக்குமூலத்தை வைத்தது 2018இலிருந்தே இருந்த பிழை. டேகர் அதை மறைத்து வைத்திருந்தது, நாங்கள் மாறும்போது வெளியே வந்தது. இப்படிச் சொல்வது பொறியாளர் அண்ணன்மேல் பழி போடுவது அல்ல. தொலைபேசியில் அவரிடம் சொன்னபோது அவரே முதலில் சொன்னது இதைத்தான்.

இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஒன்பது பதிவுகள் போயிருந்தன. குரல் பதிவுகள் தனிக் கோப்புகள் என்பதால் சில தப்பின. நோட்டுகளைப் பார்த்து ஆறை மீட்டோம். மூன்றுக்கு நேரில் போக வேண்டியிருந்தது.

அந்த மூன்றில் ஒரு வீட்டுக்கு அக்காவோடு நாங்களும் போனோம். எழுபதைத் தாண்டிய பாட்டி, மகன் அடிபட்ட வழக்கு. "போன தடவையே எல்லாம் சொன்னேனே கண்ணு, அப்பவும் இந்த போன்லதானே தட்டுனா" என்றார். மன்னிப்புக் கேட்டோம். என்ன கோளாறு என்று விளக்க எங்களில் ஒருவர் வாயெடுத்தார். அக்கா கையால் நிறுத்தினார். பாட்டி முதலிலிருந்து சொன்னார். நடுவில் இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். 60 நாளில் 41 போயிருந்தது.

மீதி நான்கு மாட்யூல்களை செப்டம்பருக்குள் முடித்தோம். இந்த முறை வரிசை வேறு: முதலில் வேர், அடுத்து எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பொருட்கள், பின்னணி வேலை, கடைசியில்தான் திரைகள். திரைகள் கண்ணுக்குத் தெரியும், மாற்றினால் மாற்றியது போல இருக்கும், அதனால்தான் முன்பு அவற்றிலிருந்து தொடங்கியிருந்தோம். பகிர்ந்துகொள்ளும் பொருள் எதுவானாலும், இரண்டாவது முறை பிறந்தால் சோதனைப் பதிப்பு அங்கேயே விழுந்துவிடும்படி ஒரு சரிபார்ப்பை அந்தத் தங்கை எழுதினார். முதல் வாரத்திலேயே அது இன்னொன்றைப் பிடித்தது: சர்வரோடு பேசும் பொருளுக்கு மாற்றும்போது சிங்கிள்டன் குறிப்பு விடுபட்டிருந்தது. குறிப்பு இல்லையென்றால் ஹில்ட் கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒன்றைச் செய்து கொடுக்கும். கம்பைலர் அதற்கும் எதுவும் சொல்லாது. நல்லவேளை, அதனால் பேட்டரி மட்டும்தான் வீணாகியிருக்கிறது.

ஏழு மாட்யூல்களும் எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்ற படத்தை இப்போது அலுவலகச் சுவரில் சார்ட் பேப்பரில் வரைந்து ஒட்டியிருக்கிறோம். புதிதாக வரும் மாணவருக்கு முதல் வேலை அதைத் திருத்துவது. வந்த மூன்று பேரில் இரண்டு பேர் தங்கிவிட்டார்கள்.

அக்காவிடம் போய், தப்பு எங்களுடையது என்று சொன்னோம். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "என் நோட்டு நம்பரையும் அதுல போட ஒரு கட்டம் வெச்சா என்ன? ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துக்கலாம்ல" என்று கேட்டார். இப்போது பதிவுத் திரையில் முதல் கட்டம் அதுதான். நோட்டு எண்ணை எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. வாரக் கடைசியில் சர்வர் அனுப்பும் பட்டியலில் எண் எங்காவது தாண்டியிருந்தால் அந்த வரி சிவப்பில் வரும், முதல் போன் அக்காவுக்குப் போகாது, எங்களுக்கு வரும்.